எந்த வெயில் வேண்டும்?

பம்பரத்துக்கு அந்தப் பெயரை வைத்தவர் அவளுடைய அம்மா. ஒரு நிமிடம்கூட ஓரிடத்தில் நிற்க மாட்டாள் என்பதால் வைத்தார். ஆனால் இந்த மாதம் அவள் சுற்றி ஓய்ந்த பம்பரம்தான். ஈரத்துணி வாளியைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறினால் யாருக்கும் மூச்சு வாங்கும். துணி காயாமல் அதே வாளியை மறுபடி இறக்குவதென்றால் கேட்கவே வேண்டாம்.

அம்மா துணி துவைத்துத் தேய்த்துக் கொடுப்பவர். அடுத்த தெரு உணவகத்தில் பரிமாறுகிறவர்கள் போட்டுக்கொள்ளும் சிவப்புச் சட்டைகள் அவரிடம்தான் வரும். முன்பெல்லாம் மொட்டை மாடி முழுவதும் வெயில் விழும். இப்போது இரண்டு பக்கமும் உயரமான கட்டடங்கள் எழும்பிவிட்டன. அதற்காக மாடி இருண்டு போகவில்லை. வெளிச்சம் வேண்டிய மட்டும் இருந்தது. ஆனால் வெளிச்சம் வேறு, வெயில் வேறு. வெளிச்சத்தில் புத்தகம் படிக்கலாம், சட்டை காயாது.

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து மூலையில் மட்டும் நாள் முழுவதும் வெயில் பட்டது. இரண்டு பாய் விரிக்கலாம், அவ்வளவுதான் இடம். அந்த மூலைக்குத்தான் மூன்று குடித்தனக்காரர்கள் முட்டிக்கொண்டார்கள்.

மாடி வீட்டு வாட்ச்மேன் மாமா அங்கே நாற்காலியைப் போட்டுக்கொண்டு எழுந்திருக்க மாட்டார். கீழ்வீட்டு மெத்தைக்கார மாமா தான் தைத்த பஞ்சு மெத்தையை முதல் நாள் இரவே கொண்டுவந்து கிடத்திவிடுவார். அம்மா விடியும் முன்பே கொடியில் துணியைப் போட்டுவிட்டு வருவார். அன்று காலை மெத்தையில் துணியின் ஈரம் சொட்டியது. சொட்டிய துணியை மெத்தைக்கார மாமா தூக்கி வாட்ச்மேன் மாமாவின் நாற்காலியில் போட்டார். பிறகு நடந்த சண்டை தெருமுனை வரை கேட்டது.

வீட்டுக்காரம்மா சாவிக்கொத்தோடு மேலே வந்தார்.

“உங்க பஞ்சாயத்தைக் கேட்டுக் கேட்டு என் காது புளிச்சுப்போச்சு. சாயங்காலம் வருவேன். அதுக்குள்ள நீங்களே பேசி ஒரு முடிவுக்கு வாங்க. இல்லைன்னா மாடிக்குப் பூட்டுதான்.”

அம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். சமையலறை வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“பூட்டிட்டா என்னம்மா பண்றது?” என்று கேட்டாள் பம்பரம்.

“என்ன பண்றது? சட்டையைத் திருப்பிக் கொடுத்துட வேண்டியதுதான். போன வாரமே கலர் வெளிறிப்போச்சுன்னு முதலாளி மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டார்.”

“ஏன் வெளிறிச்சு?”

“காலையில இடம் கிடைக்கலை. உச்சி வெயில்லதான் போட முடிஞ்சது. கலர் துணிக்கு அது ஆகுமா? வெயில் ஏறும்போது போட்டு, உச்சிக்கு வர்றதுக்குள்ள எடுத்துடணும்.”

“அப்புறம் ஏம்மா விடியறதுக்கு முன்னாடியே போடறே?”

“அப்பப் போடலைன்னா இடம் போயிடுமே.”

பம்பரம் அம்மாவைப் பார்த்தாள். அவளுக்கு அழுகை வரும்போல் இருந்தது, சிரிப்பும் வரும்போல் இருந்தது. காயாத நேரத்தில் துணி போடுவதற்காகவா அம்மா தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறார்?

அவள் மறுபடி படியேறினாள். கால் கெஞ்சியது. வாட்ச்மேன் மாமா துண்டால் தலையை மூடிக்கொண்டு நாற்காலியில் வியர்த்து வழிந்துகொண்டிருந்தார். இரவெல்லாம் வேலை பார்த்த கண்கள் செருகிச் செருகி விழித்தன.

“மாமா, உங்களுக்கு எந்த வெயில் வேணும்?”

“வெயில்ல என்ன எந்த வெயில்? வெயில்னா வெயில்தான்.”

“இப்பச் சுள்ளுன்னு அடிக்குதே, இதுவா?”

“இதுவா? மண்டை பிளக்குது. டூட்டி முடிஞ்சு வந்ததும் இளவெயில் கொஞ்சம் முழங்காலுக்குப் பட்டாப் போதும். வலி விடும். போய்ப் படுத்துடுவேன்.”

“அப்போ ஏன் இன்னும் படுக்கலை?”

மாமா குரலைத் தாழ்த்தினார். “நான் எழுந்தா அந்த மெத்தை வந்துடும்மா. அப்புறம் நாளைக்கும் நகராது.”

மெத்தைக்கார மாமா படிக்கட்டில் நனைந்த மெத்தையைச் சுவரோரம் சாய்த்துக்கொண்டு நின்றார். அவரும் மெத்தையும் ஒரே மாதிரி தொய்ந்திருந்தார்கள். அவரிடமும் அதையே கேட்டாள்.

“எனக்குக் கொளுத்தற வெயில் வேணும். அனலா அடிச்சாத்தான் பஞ்சு உப்பும். காலை வெயில் எனக்கு எதுக்கு?”

“அப்போ ராத்திரியே எதுக்கு மாமா மெத்தையைப் போடறீங்க?”

“இடம் பிடிக்கத்தான். பனியில நனைஞ்சு கனமாத்தான் போகுது. என்ன செய்யச் சொல்றே?”

சாயங்காலம் வீட்டுக்காரம்மா வந்தார். பூட்டையும் கையோடு கொண்டுவந்திருந்தார்.

“பேசினீங்களா?”

மூன்று பேரும் மூன்று பக்கம் பார்த்தார்கள்.

“எல்லாருக்கும் வெயில்தானே வேணும்? கூறு போட்டுக் கொடுக்க அது என்ன கத்திரிக்காயா?” என்றார் வீட்டுக்காரம்மா.

“கூறு போடலாம் அத்தை,” என்றாள் பம்பரம். “ஆளுக்கு ஒரு வெயில்தான் கேக்கறாங்க. வாட்ச்மேன் மாமாவுக்கு இளவெயில். அவர் தூங்கப் போனதும் வெயில் ஏறும், அது எங்கம்மா துணிக்கு. உச்சி வெயில் அடிக்கும்போது மெத்தை. ஒருத்தர் கேக்கற வெயில் இன்னொருத்தருக்கு ஆகவே ஆகாது. எங்கே இடம் போயிடுமோன்னுதான் எல்லாரும் நாள் முழுக்கக் காவல் இருக்காங்க.”

வாட்ச்மேன் மாமாதான் முதலில் கொட்டாவி விட்டார்.

“ராத்திரியெல்லாம் ஒரு காவல், பகல்ல இன்னொரு காவலா? எனக்குச் சம்மதம்ப்பா.”

“மதியம் மட்டும்னா நான் இனிமே பனியில மெத்தையைப் போட மாட்டேன்,” என்றார் மெத்தைக்கார மாமா.

வீட்டுக்காரம்மா பூட்டைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டார். பிறகு மூலையைப் பார்த்தார். தொட்டியின் மேல் மஞ்சள் வெயில் சாய்ந்து விழுந்திருந்தது.

“இது யாருக்கு?”

“எனக்கு டூட்டிக்கு நேரமாச்சு,” என்றார் வாட்ச்மேன் மாமா.

“இதுல சூடே இல்லையே,” என்றார் மெத்தைக்கார மாமா.

“கைக்குட்டைகூடக் காயாது,” என்றார் அம்மா.

“அப்போ இது அம்மாவுக்கு,” என்றாள் பம்பரம்.

“எனக்கு எதுக்குடி? இதுல என்னத்தைக் காயப்போட?”

“ஒண்ணும் காயப்போட வேண்டாம். சும்மா உக்காரு.”

மற்றவர்கள் இறங்கிப் போனார்கள். அம்மா வாளியைத் தேடினார். பம்பரம் அதைத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். வேறு வழியில்லாமல் அம்மா தொட்டியில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்தார். தண்ணீரில் ஊறிச் சுருங்கிய அவருடைய விரல்களின் மேல் மஞ்சள் வெயில் பட்டது.

“இதமாத்தான் இருக்கு,” என்றார். அடுத்த பேச்சு வரவில்லை. தூங்கிவிட்டிருந்தார்.

வெயில் போன பிறகும் பம்பரம் அவரை எழுப்பவில்லை.