கரிவண்டிக் குழுவின் மூன்றாவது ஆல்பம்

ஒரே அறையில் ஐந்து பேர் ஒரே பாட்டைக் கேட்டாலும் அது ஐந்து பாட்டாகத்தான் இருந்தது. காதுக்குள் கடுகளவாக ஒட்டியிருந்த இசைவி, கேட்பவரின் நாடித்துடிப்பைக் கவனித்து, அவர் மனம் எதற்கு ஏங்குகிறதோ அதற்கேற்பப் பாட்டை வளைத்துக் கொடுத்தது. பிடிக்காத பாட்டு என்ற ஒன்றே ஊரில் இல்லாமல் போயிருந்தது.

பாட்டுக்காரர்கள் மட்டும் ஒலிப்பதிவின்போது இசைவியை ‘நேரொலி’யில் வைத்துக்கொள்வார்கள். அப்போது உள்ளது உள்ளபடி கேட்கும் என்று எல்லோரும் நம்பினார்கள். பெனிட்டாவும் நம்பினாள்.

பெரம்பூர் ஸ்டுடியோவில் கரிவண்டிக் குழு மூன்றாவது ஆல்பத்துக்காகக் கூடியபோது, அவளும் குணாளனும் பிரிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவள் பாடகி, அவன் பேஸ் கிட்டார். அவன் கம்பியை அறைந்து இழுத்தால் சும்மா நிற்பவனுக்கும் இடுப்பு ஆடும். ஃபங்க் இசைக்கு அதுதானே உயிர். ஆனால் சேர்ந்து வாழ்ந்த நாளில் அவன் வாயிலிருந்து ஒருமுறைகூட மன்னிப்பு வந்ததில்லை. சண்டை போட்ட மறுநாள் ஒத்திகையில், அவள் வரி முடிகிற இடத்தில் அவன் கிட்டாரிலிருந்து மூன்று சுரங்கள் மெல்ல இறங்கி வரும். அவளும் இறங்கி வந்துவிடுவாள்.

நாலாவது பாட்டு மெதுவான, உருக்கமான சோல் இசை. “வாசல் தெரியும்தானே, வா” என்று கடைசி வரியை அவள் பாடி நிறுத்தியதும், அந்த மூன்று சுரங்களும் வந்தன.

பெனிட்டா சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடிக்கு அப்பால் குணாளன் தலை குனிந்து வாசித்துக்கொண்டிருந்தான்.

“இன்னொரு டேக் போலாம்” என்றாள்.

“நல்லாத்தானே வந்துச்சுக்கா?” ஒலிப்பதிவு செய்த நஸ்ரின் கேட்டாள்.

“இன்னும் ஒண்ணே ஒண்ணு.”

ஒவ்வொரு முறையும் வந்தது. ஆல்பம் முடியும்வரை அவள் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. கேட்டால் நின்றுவிடுமோ என்ற பயம்.

நஸ்ரினைத் தவிர மற்றவர்கள் கிளம்பிய பிறகு அவன் அருகில் போய் நின்றாள்.

“குணா, நாலாவது பாட்டுல… எனக்குப் புரிஞ்சுது.”

“என்ன புரிஞ்சுது?”

“என் வரிக்கு அப்புறம் வாசிக்கிறியே, மூணு சுரம்.”

அவன் விழித்தான். “அங்க நான் ஒண்ணும் வாசிக்கலையே, பெனி. கையைத் தூக்கிடுவேன்.”

நஸ்ரின் தயங்கித் தயங்கிப் பேசினாள். “புது இசைவி நேரொலில வச்சாலும் முழுசா அணையாதுன்னு சொல்றாங்கக்கா. வேணும்னா பழைய பெட்டியில போட்டுக் காட்டவா?”

இருவரும் இசைவிகளைக் கழற்றி மேசையில் வைத்தார்கள். மூலையில் கிடந்த ஒலிபெருக்கியில் பாட்டு கரகரத்தது. வரி முடிந்தது. பிறகு வெறும் இரைச்சல். பெனிட்டா ஒலிபெருக்கியிடம் போய்க் காதை வைத்துப் பார்த்தாள்.

குணாளன் திடீரென்று நிமிர்ந்தான். “இரு. கடைசியில நீ சிரிப்பியே, மூச்சோட மூச்சா… அது எங்க?”

“நான் சிரிக்கவே இல்லையே.”

“எல்லா டேக்லயும் சிரிச்சே, பெனி. அதுக்காகத்தான் நான் கையைத் தூக்கிட்டுக் காத்துட்டிருந்தேன்.”

நஸ்ரின் சத்தமில்லாமல் எழுந்து வெளியே போனாள்.

“சரி, இப்ப வாசிக்கவா?” குணாளன் கிட்டாரை எடுத்து மாட்டிக்கொண்டான். “நெசமாவே?”

அவள் பாடினாள். வரி முடிந்தது. மூன்று சுரங்களும் இறங்கி வந்தன. நடுச்சுரம் கொஞ்சம் பிசகியது, கம்பி அதிர்ந்தது. பெனிட்டா சிரித்தாள். அது இருமல் மாதிரி இருந்தது.

“நல்லாருக்கு” என்றான் அவன்.

“உன்னோடதும்தான்.”

இத்தனை வாரமாக அவள் கேட்டது இதைவிட இளகியிருந்தது, அவளை இதைவிட நன்றாக அறிந்திருந்தது. அவன் முகத்திலும் அதே கணக்கு ஓடுவதை அவள் கண்டாள். பிறகு, ஒருவரை ஒருவர் பார்க்காமல், இருவருடைய கைகளும் மேசைமீதிருந்த இசைவிகளைத் தேடி நகர்ந்தன.