சுருதி இறங்கிய பியானோ

"அண்ணாச்சி, எங்க வீட்டுக்காரவுகளக் கட்டி வச்சிருக்காவ. மத்தியானத்துக்குள்ள கம்பியக் கொண்டாந்து வைக்கலன்னா விரல ஒடிச்சிருவோம்னு சொல்லுதாவ!"

மூச்சிரைக்க வந்து நின்றாள் ஞானசௌந்தரி. அவள் கணவன் அற்புதமணி, தூத்துக்குடியில் பியானோ பழுது பார்க்கத் தெரிந்த ஒரே ஆள். தோணி முதலாளி பாஸ்கல் வீட்டுப் பியானோவுக்கு அவன்தான் கம்பி மாற்றினான். யுத்தம் தொடங்கி நாலு வருஷம். அந்தக் கம்பி கிடைப்பதே குதிரைக் கொம்பாக இருந்தது. பாஸ்கல் கொழும்பிலிருந்து வரவழைத்த இரண்டு சுருள்களையும் திருடிவிட்டு, பழைய கம்பிகளையே துரு தேய்த்து விட்டுவிட்டான் என்று அவன்மேல் பழி.

துப்பறிவாளர் காசிலிங்கம் நிதானமாகச் சட்டையை மாட்டினார். தந்தி இலாகாவில் முப்பது வருஷம் கம்பி இழுத்தவர். உதவியாளன் செந்தில்வேலுக்குத்தான் ரத்தம் கொதித்தது.

"விரல ஒடிக்க இவனுவ யாரு சார்?"

"அங்கே போய்க் கோபப்படலாம், நட."

பாஸ்கல் வீட்டு முற்றத்தில் அவருடைய தம்பி ரோச்சின் சுறாத் தூண்டில்கள் காய்ந்துகொண்டிருந்தன. சீமை மீன் எண்ணெய் வருவது நின்றுபோனதால், எண்ணெய் எடுக்கச் சுறா ஈரலுக்கு அடிதடியாக இருந்த நேரம் அது. காசிலிங்கம் குனிந்து பார்த்துவிட்டு உள்ளே போனார்.

அற்புதமணியைத் தூணோடு கட்டியிருந்தார்கள். வேலைக்கு வந்தவனை மாட்டைப்போலக் கட்டிவைக்க யார் இவர்களுக்கு உரிமை கொடுத்தது? பணம் இருந்தால் வெட்கம் வேண்டாம் போலிருக்கிறது.

"மெல்லிசு ஒண்ணு, தடிசு ஒண்ணு. ரெண்டு சுருளையும் எங்கையாலதான் குடுத்தேன்," என்றான் ரோச். "மூணே நாள்ல சுருதி எறங்கிட்டு. புதுக் கம்பின்னா எறங்குமா?"

"மெல்லிசு மட்டுந்தான் தந்தாரு. தடிசு பொறவு வரும்னாரு," என்றான் அற்புதமணி. "எறங்கத்தான் செய்யும்னு சொன்னேன். யாரு கேக்கா?"

காசிலிங்கம் பியானோக் கட்டைகளை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக அழுத்தினார்.

"முதலாளி, இடப்பக்கமும் நடுவும் சுத்தமாக நிற்கின்றன. மெல்லிய கம்பி உள்ள வலப்பக்கம்தான் இறங்கியிருக்கிறது. புதுக் கம்பி நீளும். நாலைந்து தடவை மறுபடி முறுக்கிய பிறகுதான் நிற்கும். தந்திக் கம்பத்திலும் இதே கதைதான். பழைய கம்பி நீள வேண்டியதெல்லாம் எப்போதோ நீண்டாயிற்று. எல்லாமே பழசென்றால் வலப்பக்கம் மட்டும் ஏன் இறங்க வேண்டும்? கைக்கு வந்ததை இவன் ஒழுங்காகக் கட்டியிருக்கிறான்."

"அப்ப தடிசு எங்க?" என்று உறுமினார் பாஸ்கல்.

காசிலிங்கம் கண்காட்ட, செந்தில்வேல் ஓடிப்போய் ஒரு தூண்டிலைக் கொண்டுவந்தான். முள்ளில் துரு ஏறியிருந்தது. அதில் கட்டிய கம்பியோ பளபளத்தது. அற்புதமணியின் பெட்டியிலிருந்த, கம்பியின் தடிமனை அளக்கும் தகட்டின் பிளவில் காசிலிங்கம் அதைச் செருகினார்.

"பதினெட்டாம் நம்பர்," என்றான் அற்புதமணி. "நான் எழுதிக் குடுத்த அதே தடிசு!"

"சுறா கடித்தால் கயிறு அறும், இது அறாது. இல்லையா, ரோச்?" என்றார் காசிலிங்கம்.

ரோச் தலையைக் குனிந்துகொண்டான்.

பாஸ்கல் தொண்டையைச் செருமினார். "கட்ட அவுத்து விடுங்கலே. தம்பி செஞ்சது வீட்டு வெவகாரம், நான் பாத்துக்கிடுதேன். ஏலே அற்புதமணி, ஞாயித்துக்கெழமைக்குள்ள சுருதியச் சரி பண்ணிரு."

"எங்காளுன்னா விரல ஒடிப்பிய, ஒங்க தம்பின்னா வீட்டு வெவகாரமா?" என்று கத்தினாள் ஞானசௌந்தரி.

அற்புதமணி வீங்கிய மணிக்கட்டைத் தேய்த்தபடி, கம்பி முறுக்கும் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டான்.

"இன்னும் நாலு தடவ முறுக்கணும் மொதலாளி. ஒங்க தம்பியக் கூப்பிட்டுக்கிடுங்க. எங்கை தொடாது."