அருளப்புவின் ஒரே சுருள்

தகரப்பெட்டிக்குள் ஒரு பிடி கரிதான் இருந்தது. அதைப் பார்த்த றோஸ்மலருக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

சனிக்கிழமை, மாலை 4.10. லண்டன் டூட்டிங்கில், மளிகைக்கடைக்கு மேலே பிரவினின் ஸ்டூடியோ. பழைய படங்களைக் கணினிக்கு மாற்றிக் கொடுப்பது அவன் தொழில். எரிந்ததாக அவன் சொன்னது, றோஸ்மலர் மாற்றக் கொடுத்த சுருள்: அவரின் அப்பப்பா அருளப்பு நடித்த ஊமைப்படம். நூறு வருடங்களுக்கு முன் இதே லண்டனில் அவர் சிரிப்பு நடிகர், கேலிச்சித்திரக்காரர். படத்தில் அவர் சுவரில் கீறும் தொப்பைப் பொலிஸ்காரன் சித்திரம் உயிர்பெற்று இறங்கிவந்து அவரையே துரத்துவான்.

"அவர் கீறின சித்திரத்துக்கெல்லாம் வேற ஆக்கள் தங்கட பேரைப் போட்டவை," என்றார் றோஸ்மலர், விசாரிக்க வந்த பொலிஸ் அதிகாரி கிளறிற்றாவிடம். "இந்தப் படத்தில மட்டும்தான் அவற்ற பேர் இருக்கு. வேற பிரதி இல்லை, பிள்ளை."

"படத்தை வாங்கேக்க பிரவின் என்ன சொன்னவர், அன்ரி?"

"அந்தக் காலத்துப் பிலிம், குளிரில வைக்கோணும், பத்தினா தண்ணிக்குள்ளயும் எரியும் எண்டவர்."

பிரவின் தேநீர் கொண்டுவந்தான். பால் விடாத வெறும் சாயம். "பால் யன்னலடியில இருக்கு அக்கா." ஜூலை வெயிலில் பால் திரிந்திருந்தது. மூலையில் பிரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது.

"பிலிம் எப்பிடிப் பத்தினது?" கிளறிற்றா கேட்டாள்.

"தானாப் பத்தினது. ஈரத் துவாயால மூடினன், நெருப்பு உடன நூந்திட்டுது. இல்லாட்டிக் கட்டடமே போயிருக்கும்."

"கெட்டிக்காரன். பிரிட்ஜைத் திறவும்."

"அது பழுது, அக்கா."

"பழுதெண்டா ஏன் ஓடுது?"

கிளறிற்றாவே திறந்தாள். தட்டுகளைக் கழற்றிய இடத்தில், கறுப்புப் பொலித்தீனில் சுற்றிய பிலிம் சுருள்.

"தண்ணிக்குள்ளயும் எரியிற பிலிம் ஈரத் துவாய்க்கு நூருமோ? வீரம் காட்டப்போய் மாட்டினீர். எரிச்சது ஏதோ குப்பைப் பிலிம். பாலை வெயிலில விட்டிட்டு இதைக் குளிரில வைச்சீர். ஆருக்கு விக்க?"

"ஒரு சேகரிப்பாளர் கேட்டவர். எல்லாரும் மறந்த ஆள்தானே, அக்கா."

றோஸ்மலருக்குக் களவைவிட இந்தப் பேச்சுத்தான் மோசமாகப் பட்டது.

"மறக்கேல்லையடா!" றோஸ்மலர் கத்தினார். "களவெடுத்தவங்கள்! அண்டைக்குப் பேரை, இண்டைக்குப் படத்தை!"

சுருளின் நுனியை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். குட்டி எழுத்தில் ஒரு பெயர் தெரிந்தது.

"வாசி," என்று பிரவினிடம் நீட்டினார்.

"அருளப்பு," என்று முணுமுணுத்தான்.

"இன்னொருக்கா. சத்தமா."