கீழே ஐந்து பேர்

வந்திருந்தவர்கள்:

1. பரீத்
2. சுப்புராஜ்
3. வீரலட்சுமி
4. லமியா
5. யூசுப்

எழுதியவன் யூசுப். பாராகிளைடிங் கிளப்பின் வருகை நோட்டு மலையாளத்தில்தான் இருக்கும். தமிழ் அவனுக்கு வாயோடு சரி, கைக்கு வராது. மார்ச் மாதம் நௌஷாத் விழுந்து செத்த பிறகு பரீத் கொண்டுவந்த வழக்கம் இது. எங்கே கூடினாலும் நுழைந்ததும் பெயர் எழுத வேண்டும். கிளம்பும்போது பரீத் வாசலில் நின்று ஒவ்வொரு பெயராக வாசிப்பார். ஆள் பதில் சொல்ல வேண்டும். அப்புறம்தான் பூட்டு. வாகமண் மலையில் செய்யாமல் விட்ட சரிபார்ப்பை மட்டாஞ்சேரிக் கிடங்கில் செய்து என்ன ஆகப்போகிறது என்று யூசுப் நினைத்ததுண்டு. வெளியே சொன்னதில்லை.

நோட்டை மூடிவிட்டு நிமிர்ந்தபோதுதான் அதைப் பார்த்தான்.

சுவரோரம் ஆணியில் நௌஷாதின் ஹார்னஸ் தொங்கிக்கொண்டிருந்தது. இறக்கைக்குக் கீழே பறப்பவன் உட்காரும் பட்டைகள் வைத்த இருக்கை. போலீஸ்காரர்கள் திருப்பிக் கொடுத்த அன்று யூசுப்தான் அதைச் சாக்கிலிருந்து எடுத்து மாட்டினான். தொடைப்பட்டைகள் இரண்டும் அன்று அவிழ்ந்து நாக்கு மாதிரி தொங்கின. அப்படித்தானே தொங்கும். அவை பூட்டாமல் இருந்ததால்தான் நௌஷாத் செத்தான்.

இப்போது இரண்டு பக்கிளும் பூட்டியிருந்தன.

"இதை யாராச்சும் தொட்டீங்களா?"

"எதை?" வீரலட்சுமி தரையில் முட்டிபோட்டு வெள்ளைத் துணியை மடித்துக்கொண்டிருந்தாள். தலை தூக்கவில்லை.

"பக்கிள் போட்டிருக்கு."

"லமியா எடுத்துட்டுப் போக வந்திருக்கில்ல, அது போட்டிருக்கும். நீ வந்து இந்த நுனியப் பிடி."

லமியா நௌஷாதின் தங்கை. வந்ததிலிருந்து சாக்கு ஏற்றும் ஜன்னல் பக்கமே நின்றாள். அந்தச் சுவரின் பக்கம் அவள் திரும்பக்கூட இல்லை. யூசுப் போய் இரண்டு பக்கிளையும் அவிழ்த்தான். க்ளிக். க்ளிக். பட்டைகள் சரிந்து தொங்கின. விரல்கள் ஈரமாயிருந்தன. சட்டையில் துடைத்துக்கொண்டான்.

ஜூலையில் யாரும் பறப்பதில்லை. மழைக்காலத்துக்கென்று கிளப்புக்கு ஒரே வேலைதான்: ஆளுக்கொரு அவசரப் பாராசூட்டைப் பிரித்து, உத்தரத்தில் தொங்கவிட்டு ஈரம் போகக் காயவைத்து, மறுபடி மடித்து ஹார்னஸுக்குள் வைப்பது. பஜார் ரோட்டில் பரீதின் சுக்குக் கிடங்கு. அதன் மாடிதான் கிளப். மணி ஐந்துகூட ஆகவில்லை, ஆனால் ஓட்டின் மேல் மழை இறங்கிய இறக்கத்தில் மாடி முழுக்க இருட்டிக் கிடந்தது, எரிந்த ஒற்றை பல்ப் அந்த இருட்டை விரட்டாமல் அதற்கு ஒரு மஞ்சள் பூச்சு மட்டும் பூசியது, நூறு வருஷத்து மிளகும் சுக்கும் ஊறிய பலகைகளிலிருந்து தொண்டையைக் கமறவைக்கும் நெடி ஈரத்தோடு எழுந்துகொண்டிருந்தது, உத்தரத்திலிருந்து தொங்கிய வெள்ளைத் துணிகள் காற்றே இல்லாத இடத்தில் ஒன்றன்பின் ஒன்றாக மெல்ல ஊதி மெல்ல அடங்கின. ஜன்னலுக்குக் கீழே தெரு, அதற்கப்பால் காயல். அக்கரையில் வெலிங்டன் தீவின் விளக்குகள் மழையில் கரைந்து தெரிந்தன.

மார்ச்சில் நடந்ததைச் சொல்ல நாலு வரி போதும். நௌஷாத் எல்லாப் பட்டையும் பூட்டிக்கொண்டு காற்றுக்காக நின்றான். காற்று வரவில்லை. தொடைப்பட்டைகளை அவிழ்த்துவிட்டு ஒதுக்குப்புறமாகப் போய்விட்டு வந்தான். அதற்குள் காற்று வந்துவிட்டது. "எல்லாம் ஓகேயாடா?" என்று கேட்டான். சரிபார்க்க நின்றவன் யூசுப். அவன் போனைப் பார்த்துக்கொண்டே "ஓகே" என்றான்.

நௌஷாத் ஓடினான். கால் தரையை விட்டதும் இருக்கையிலிருந்து நழுவினான். நெஞ்சுப்பட்டை ஏறிக் கழுத்தில் சிக்கியது. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, பட்டைகளைப் பிடித்துத் தொங்கினான். காற்று அவனை இறக்காமல் மேலே மேலே கொண்டுபோனது. பறப்பவன் ஏறும்போது பீப் பீப் என்று கூவும் கருவி ஒன்று உண்டு, வேரியோ என்பார்கள். ஏற ஏற அதன் சத்தம் வேகமெடுக்கும். நௌஷாதின் வேரியோ குஷியாகக் கூவியதைக் கீழே நின்ற எல்லோரும் கேட்டார்கள். நாலு நிமிடம். பிறகு கை விட்டுப்போனது.

அவன் கேட்டதையும் யூசுப் சொன்னதையும் வேறு யாரும் கேட்கவில்லை.

பரீத் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். நௌஷாத் யாரிடமும் சரிபார்க்கச் சொல்லாமல் தானாகக் கிளம்பினான் என்று எழுதியிருந்தது. அன்று மலையில் இருந்த எல்லோரும் கையெழுத்துப் போட்டால் விசாரணை முடியும், கிளப் பிழைக்கும், அக்டோபரில் மறுபடி பறக்கலாம். சுப்புராஜ் போட்டான். வீரலட்சுமி போட்டாள்.

"யூசுபே, நீதானடா பக்கத்துல நின்னே. இதுல ஒண்ணும் தப்பு இல்லியே?"

"இல்ல இக்கா."

அப்போது லமியா ஜன்னலிலிருந்து திரும்பினாள்.

"யூசுபிக்கா. கடைசியா அண்ணன் உங்ககிட்ட ஏதும் கேட்டுச்சா?"

அவள் குரலில் சந்தேகமில்லை. அண்ணனின் கடைசிப் பேச்சு என்னவென்று தெரிந்துகொள்ளும் ஆசை மட்டும்தான். இப்போது சொல்லிவிடலாம் என்று யூசுபுக்குத் தோன்றியது. ஒரே வார்த்தைதான். அதைச் சொன்னால் பிறகு இவர்கள் யாரும் அவன் முகத்தில் விழிக்க மாட்டார்கள்.

"ஒண்ணும் கேக்கல."

"ஒண்ணுமே?"

"அவன் பாட்டுக்கு ஓடிட்டான்."

கையெழுத்துப் போட்டான். பேனா தாளை விட்டு எழுந்தபோது சுவர்ப் பக்கத்தில் க்ளிக் என்றது.

இன்னொரு க்ளிக்.

யூசுப் திரும்பிப் பார்க்கவில்லை.

"போதும், சீக்கிரம் ஆகட்டும். இவனோடது மட்டும்தான் பாக்கி" என்றார் பரீத். மடித்து வைத்த பாராசூட் இழுத்தால் வெளியே வருகிறதா என்று ஆளைத் தொங்கவிட்டுத்தான் பார்ப்பார்கள். சாக்கு ஏற்றும் ஜன்னல் தரையிலிருந்து கூரை வரைக்கும் திறப்பு. அதன் முன்னால் உத்தரத்தில் செயின் கப்பி இருந்தது. யூசுப் செருப்பைப் படிக்கட்டுத் தலையில் கழற்றி வைத்திருந்தான். வலது செருப்பில் வார் அறுந்து, நடந்தால் இழுபடும். அதன் மேலே ஆணியில் அவனுடைய மஞ்சள் மழைக்கோட்டு. கப்பியில் மாட்டிய தன் ஹார்னஸில் ஏறி நெஞ்சுப்பட்டையைப் பூட்டினான். தொடைப்பட்டைகளைப் பூட்டினான். இரண்டு தடவை இழுத்துப் பார்த்தான்.

சுப்புராஜ் செயினை இழுத்தான். தேனிப் பக்கத்துக்காரன், தார்ப்பாய் தைக்கிற கடை வைத்திருக்கிறான்.

"போன வருசத்தவிட ஒரு மூட்டை சுக்கு கூடியிருக்கடா நீ."

"போதும்ணே."

"பறக்கிறவனுக்கு ரெண்டடி எப்படிடா போதும்?" என்று ஆள் உயரத்துக்கு ஏற்றிவிட்டுத்தான் நிறுத்தினான்.

யூசுப் பிடியை இழுத்தான். வெள்ளைப் பொதி சுலபமாக வெளியே வந்து தரையில் விழுந்தது. வீரலட்சுமி குனிந்து எடுத்தாள். சுப்புராஜ் செயினில் கை வைத்தபோது கீழே போயிருந்த பரீத் கத்தினார்.

"எடா, தண்ணி உள்ள கேறுது. எல்லாரும் வா. சாக்கைத் தூக்கணும்."

வேலியேற்ற நாள், கடல் பொங்கிக் காயலுக்குள் ஏறும் நாள். மழையும் சேர்ந்துகொண்டால் காயல் பஜார் ரோட்டுக்கே வந்துவிடும். வீரலட்சுமி ஓடினாள். லமியாவும் பின்னால் இறங்கினாள்.

"அண்ணே, என்ன இறக்கிட்டுப் போங்க."

"ரெண்டு நிமிசம் தொங்குடா. செத்தா போயிருவ?" செயினைக் கொக்கியில் மாட்டிவிட்டு சுப்புராஜும் போனான்.

பல்ப் அணைந்தது.

முதலில் அவன் பயப்படவில்லை. கீழே சாக்குகளைத் தரதரவென்று இழுக்கும் சத்தமும், பரீத் யாரையோ திட்டுவதும், தண்ணீரில் கால்கள் சளப் சளப் என்று நடப்பதும் மழையின் ஊடே விட்டுவிட்டுக் கேட்டன. உடம்பின் பாரம் முழுக்கப் பட்டைகளில் இருந்ததால் பக்கிள் திறக்காது என்று அவனுக்குத் தெரியும். கால் தரையில் பட்டால்தான் திறக்கும். காலை நீட்டிப் பார்த்தான். தரை இல்லை. ஆள் உயரம்தானே என்று நினைத்துக்கொண்டான். ஹார்னஸ் மெல்லச் சுழன்றது. ஜன்னல் வந்தது, போனது. தொங்கும் வெள்ளைத் துணிகள் வந்தன, போயின. சுவர் வந்தது.

சுவரில் ஆணி மட்டும் இருந்தது.

மறுபடி சுற்றி வரும்வரை காத்திருந்தான். ஆணி மட்டும்தான்.

பீப்.

வெள்ளைத் துணிகளுக்குப் பின்னாலிருந்து வந்தது. நௌஷாதின் வேரியோவில் பேட்டரி இல்லை. யூசுப்தான் கழற்றினான். அதன் கண்ணாடியும் நொறுங்கிப் போயிருந்தது.

பீப். பீப்.

"சுப்புராஜண்ணே."

மழை அவன் குரலை அப்படியே விழுங்கியது. தலைக்கு மேலே செயின் ஒரு கண்ணி நகர்ந்தது. இன்னொரு கண்ணி. கொக்கியில் மாட்டிய செயின். அதை இழுக்க ஆளில்லை. பீப் சத்தம் வேகமெடுத்தது. ஓட்டின் மேல் விழும் மழை நெருங்கி வந்தது, உத்தரத்தின் ஒட்டடை முகத்தில் பட்டது, சுக்கு நெடி போய் நனைந்த மலைப்புல்லின் வாசம் வந்தது, வெறும் பாதங்களுக்குக் கீழே குளிர்ந்த காற்று ஓடியது. குனிந்து பார்த்தான். தரை தெரியவில்லை. இருட்டு மட்டும், ஆழமாக.

இடது தொடையில் ஏதோ ஈரமாகப் பட்டது.

விரல்கள். அவசரமில்லாத விரல்கள். பட்டையைத் தடவி, பக்கிளைத் தேடி, கண்டுபிடித்தன.

க்ளிக்.

"டேய். நௌஷாது. வேணாம்டா."

வலது தொடை.

"சொல்லிடறேன். லமியாகிட்ட சொல்லிடறேன். நீ கேட்டேடா. நான்தான் பாக்கல."

விரல்கள் நின்றன. அவன் சொன்னதைக் கேட்டுக்கொண்டது போல.

க்ளிக்.

நழுவினான். நெஞ்சுப்பட்டை ஏறி வந்து தொண்டையில் முட்டி நின்றது. கைகள் தாமாக மேலே போய்ப் பட்டைகளைப் பிடித்தன. மூச்சு பாதி வந்தது. குரல் வரவில்லை. தோள்கள் அப்போதே நடுங்க ஆரம்பித்தன.

நாலு நிமிடம்.

துணிகளுக்குப் பின்னால் பலகைகள் முனகின. யாரோ படிக்கட்டுப் பக்கம் நடந்தார்கள். மழைக்கோட்டு உரசும் சத்தம். செருப்பில் கால் நுழையும் சத்தம். பிறகு படி இறங்கும் சத்தம். இடது கால் சுத்தமாக. வலது கால் இழுபட்டு. ஒவ்வொரு படியாக.

"மேல எல்லாம் முடிஞ்சுதா? போதும், போவோம். பாக்கி நாளைக்கு" என்றார் பரீத்.

ஹார்னஸ் சுழன்று ஜன்னலில் நின்றது. நேர் கீழே தெரு. முழங்கால் தண்ணீர். வாசலுக்கு வெளியே குடைகள். ஒருவர். இருவர். மூன்று. நான்கு.

ஐந்தாவதாக மஞ்சள் மழைக்கோட்டு வந்தது. தொப்பி முகத்தை மறைத்திருந்தது. நௌஷாதின் ஹார்னஸ் இருந்த சாக்கை மழைக்கு மறைப்பாகத் தலைக்கு மேலே பிடித்திருந்தது. இரண்டு கையையும் தூக்கி. முழங்கை மடங்காமல். மழையில் சாக்கோடு வரும் ஆள் அப்படித்தான் வருவான். கீழே நின்றவர்களுக்கு அதில் விசேஷமாக ஒன்றுமில்லை.

யூசுபுக்கு அந்தக் கைகளைத் தெரியும்.

பரீத் குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு நோட்டைப் பிரித்தார்.

"பரீத், நான் இருக்கேன். சுப்புராஜே?"

"இருக்கேன்."

"வீரலட்சுமி?"

"இருக்கேன் இக்கா."

"லமியா மோளே?"

"உண்டு."

யூசுப் கத்த முயன்றான். தொண்டையிலிருந்து காற்று மட்டும் வந்தது. வலது கையில் இரண்டு விரல் விட்டுப்போயின. காலை உதறினான். மேலே செயின் குலுங்கியது. கீழே லமியா தலையைத் தூக்கினாள். மழை கண்ணில் விழவும் குனிந்துகொண்டாள்.

"யூசுபே? எல்லாம் ஓகேயாடா?"

பரீத் நோட்டிலிருந்து நிமிரவில்லை. தாள் நனைந்துகொண்டிருந்தது.

"ஓகே."

யூசுபின் குரல். அதே அவசரம். வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னது போல, அதே அலட்சியம்.

பரீத் டிக் அடித்தார். சுப்புராஜ் கதவின் இரண்டு பலகையையும் தள்ளிச் சாத்தினான். இரும்புப் பட்டை விழுந்தது. சாவி சுற்றியது. மஞ்சள் மழைக்கோட்டு கதவுக்கு முதுகைக் காட்டி, கையை இறக்காமல், லமியாவின் பக்கத்தில் போய் நின்றது. அவள் தன் குடையை நகர்த்தி அதற்கும் பாதி கொடுத்தாள்.

பரீத் பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். சரியாகப் பூட்டியிருந்தது.