இரண்டாவது ஊசி

கன்னியப்பன் உட்காரவில்லை. அதுதான் அம்சவள்ளியின் கண்ணில் முதலில் பட்டது. பதினாறு வருஷமாக, உப்பளத்திலிருந்து வந்ததும் சைக்கிளைச் சுவரில் சாய்த்து, வாசல்படியில் தொப்பென்று விழுந்து, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்து, மூச்சு அடங்கிய பிறகே வாயைத் திறக்கிற மனுஷன். அன்றைக்கு, முழங்கால் வரை சேறு வெள்ளை வெள்ளையாய்க் காய்ந்திருக்க, வீட்டின் நடுவில் நின்றுகொண்டே இருந்தான். மூச்சு வாங்கவில்லை. சட்டையில் வழக்கமான வேர்வை வாடை இல்லை. அழுகத் தொடங்கிய வாழைப்பழத்தின் வாடை, அதுவும் அவன் வாய்க்குள்ளிருந்து.

"இன்னாய்யா, உக்கார மாட்டியா?"

"அசதியே தெரியல அம்சா," என்று சிரித்தான்.

அவளும் சிரித்து வைத்தாள். அசதி போகத்தானே அந்த ஊசி.

சுனாமித் தண்ணீர் மரக்காணத்து உப்பளங்களைக் கலக்கிவிட்டுப் போய் அப்போது இரண்டு மாதம். களிமண் பாத்திகளை எல்லாம் மறுபடி வெறுங்காலால் மிதித்துக் கல்லாய் இறுக்கினால்தான் அந்த வருஷம் உப்பு. கன்னியப்பனுக்கோ காய்ச்சலில் படுத்தெழுந்ததிலிருந்து கால் நடுக்கம். "முடியலன்னா சொல்லிடு, வேற ஆளு வச்சிக்கறேன்," என்று மேஸ்திரி தட்சணாமூர்த்தி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டான். அந்த வாரம்தான் ஏதோ மருந்துக் கம்பெனிக்காரர்கள் வந்து கொட்டகை போட்டார்கள். சதைக்குப் பலம் வருமாம், சோதனை ஊசியாம், டோக்கன் வாங்கினவனுக்கு மட்டுமாம். ஏழை உடம்பு என்றால் எவனுக்கும் சோதித்துப் பார்க்கத் தோன்றும்.

கூட்டாளி சவரிமுத்துவும் டோக்கன் வாங்கியிருந்தான். ஊசி போடுகிற அன்றைக்கு வானூரில் ஒரு சாவுக்குப் போய்விட்டான். அளத்தில் ஒருவன் வராவிட்டால் அடுத்தவன் அவன் பேருக்குக் குரல் கொடுத்து, அவன் பாத்தியையும் சேர்த்து மிதிப்பது வழக்கம். யாரும் அதைத் தப்பென்று நினைத்ததில்லை. அம்சவள்ளிதான் சொன்னாள்: "அவன் பேரு விட்டுப்பூடும்யா. அவனுக்கும் நீயே கைய நீட்டிட்டு வா." கன்னியப்பன் தன் ஊசியைப் போட்டுக்கொண்ட பிறகு அடுத்த வரிசையில் நின்று, சவரிமுத்து என்று சொல்லி, இன்னொரு கையையும் நீட்டினான்.

நாலே நாளில் தொடை இரண்டும் திரண்டு கைலி இறுகியது. முகம் மட்டும் ஒட்டிக்கொண்டே போனது. குண்டான் சோற்றை ஒரே ஆளாய் வழித்துத் தின்றுவிட்டு இன்னும் என்றான். படுத்தால் உடம்பு அனலாய்க் கொதித்தது; அவன் குறட்டை விட, தொடைச் சதை மட்டும் தோலுக்கடியில் தானாய்ப் புரண்டுகொண்டிருந்தது. ஒருமுறை கையை வைத்து அழுத்திப் பார்த்தாள். அது அவள் கையைத் தள்ளியது. கையை இழுத்துக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் காலையில் வேலைக்குப் போனவன் அன்றிரவு வரவில்லை. விடிந்ததும் கொட்டகைக்கு ஓடினாள்.

டாக்டரம்மா வெயில் ஏறின பிறகுதான் வந்தாள். சின்ன வயசுக்காரி, பொறுமையாகத்தான் பேசினாள். "சதைக்குள்ள ஒரு புரோட்டீன் இருக்கும்மா. இதுக்கு மேல வளராதேன்னு பிடிச்சு நிறுத்தும். ஒரு வரிசைக்குப் போட்ட ஊசி அதைக் கட்டிப்போடும். இன்னொரு புரோட்டீன், சதைக்குள்ள இருக்கிற அடுப்பை எல்லாம் கூட்டி எரிய வைக்கும். களைப்பே வராது. அடுத்த வரிசைக்கு அந்த ஊசி. யாருக்கும் ரெண்டும் போடலை. ஏன் கேக்கறீங்க?"

சொன்னால் மேஸ்திரி காதுக்குப் போய் இரண்டு பேருக்கும் வேலை போகும். சொல்லாவிட்டால்? அம்சவள்ளி சொன்னாள்.

டாக்டரம்மாவின் கையிலிருந்த பேனா நின்றது. "ரெண்டும் சேர்ந்துடுச்சா? எரிக்க ஒண்ணும் கிடைக்கலன்னா அது உடம்பையே எரிக்கும்மா. இப்ப அவரு எங்க?"

இரண்டு பேரும் அளத்துக்குப் போய்ச் சேரும்போது உச்சி வெயில். கண்ணைத் திறக்க முடியாத வெள்ளை. வேலையாட்கள் சாப்பாட்டுக்குப் போய்விட்டிருந்தார்கள். காற்றில் சேற்று நாற்றமும் கடல் நாற்றமும். எங்கோ மோட்டார் ஓடுகிற சத்தம். அதற்கடியில் இன்னொரு சத்தம். சப். சப். சப். ஈரக் களிமண்ணில் பாதம் விழுகிற சத்தம், ஒரே அளவில், இடைவெளி கொஞ்சமும் மாறாமல்.

வரப்பில் குடை பிடித்து நின்ற தட்சணாமூர்த்தி பல்லைக் காட்டினான். "நேத்து காலையில எறங்கினவன்மா. கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கறான். எட்டு பாத்தி முடிச்சிட்டான். இப்படி நாலு பேரு இருந்தா போதும் எனக்கு."

கன்னியப்பன் அந்தக் கோடியிலிருந்து வந்துகொண்டிருந்தான். இடுப்புக்கு மேலே எலும்பும் தோலும். கை இரண்டும் தொங்கின. தலை மார்பில் சரிந்து, ஒவ்வொரு அடிக்கும் ஆடியது. கீழே அந்தக் கால்கள். தடித்து, மினுங்கி.

"யோவ். என்னைப் பாருய்யா."

பார்க்கவில்லை. கண் திறந்திருந்தது. கண்ணோரம் ஈ. அவன் இமைக்கவில்லை.

டாக்டரம்மா சேற்றில் இறங்கி, கூடவே நடந்து, அவன் கழுத்தில் விரலை வைத்தாள். மூன்று அடி. நாலு அடி. விரலை எடுத்தாள். மார்பில் குழல் வைத்துக் கேட்டாள். நின்றுவிட்டாள்.

அவன் நிற்கவில்லை.

"இன்னா டாக்டரம்மா? உசுரு இருக்குது இல்ல?"

டாக்டரம்மா பின்பக்கமாகவே நகர்ந்து வரப்பேறினாள்.

அம்சவள்ளி இறங்கி ஓடினாள். பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிப் பிடித்தாள். முதுகு சில்லென்று இருந்தது. பிணச் சில். அதற்குக் கீழே, அவள் வயிற்றில் முட்டிய தொடை நெருப்பு. காலைச் சேற்றில் ஊன்றி, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி இழுத்தாள். நானே அனுப்பினேனே, நானே அனுப்பினேனே என்று அவன் முதுகில் முகத்தைப் புதைத்து அழுதாள்.

வரப்பு வந்தது. கால்கள் திரும்பின. அவளையும் இழுத்துக்கொண்டு அடுத்த கோடிக்கு மிதித்துப் போயின.