நாற்காலியை விட்டு எழாதவர்

நான்காம் கொட்டகைக்குப் பசை வந்து சேர்ந்தபோது காலை பதினொரு மணி. பேய் நடமாட ஏற்ற நேரமில்லை. வெயில் சுள்ளென்று அடித்தது. ரோட்டில் ஒரு லாரிக்காரர் டயர் மாற்றிக்கொண்டிருந்தார்.

பசை என்பது அலுவலகம் அவருக்கு வைத்த பெயர். கட்டுப்பாட்டு அறை நாற்காலியில் காலையில் ஒட்டினால் சாயங்காலம்தான் உரிவார். அப்பேர்ப்பட்டவர் எண்பது கிலோமீட்டர் வண்டியோட்டி வந்திருக்கிறார் என்றால், பயம் எந்த மட்டுக்கு ஏறியிருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊர் ஊராகப் போனையும் இன்டர்நெட்டையும் சுமந்துகொண்டு கேபிளின் கண்ணாடி இழைக்குள் ஓடும் வெளிச்சம் தூரம் போகப்போகச் சோர்ந்துவிடும். அதனால் எண்பது கிலோமீட்டருக்கு ஒரு கொட்டகை. உள்ளே பெருக்கி. கடுகளவு லேசர் சில்லு ஒன்று ஊட்டம் கொடுக்க, சோர்ந்து வந்த வெளிச்சம் ஆயிரம் மடங்காகி அடுத்த கொட்டகைக்குக் கிளம்பும். பெருக்கிக்கு நல்லது கெட்டது தெரியாது. வந்தது எதுவோ, அதைப் பெரிதாக்கும். அவ்வளவுதான் அதன் உத்தியோகம்.

அந்தச் சில்லின் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கண்ணைத் தின்றுவிடும். ஆகவே, இழையின் நுனியைச் சின்ன மைக்ராஸ்கோப்பில் பார்த்துத் துடைப்பதற்கு முன்னால், கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டு, சில்லை அணைத்தாயிற்றா என்று மூன்று முறை கேட்க வேண்டும். அணைக்கும் சுவிட்ச் அங்கேதான். அங்கிருப்பவர் மூன்று முறையும் எழுந்துபோய், அலமாரியில் சிவப்பு விளக்கு அணைந்திருப்பதைப் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும்.

மூன்று மாதத்துக்கு முன் முதல் கொட்டகையிலிருந்து பசையின் மனைவியின் தம்பி கேட்டான்.

"அணைச்சாச்சா அத்தான்?"

"ம்."

"அணைச்சாச்சா?"

"ம்."

"அத்தான், எழுந்து பாத்தீங்களா?"

"ம்."

நாற்காலி கிறீச்சென்றது. எழுந்ததால் அல்ல. இன்னும் நன்றாகச் சாய்ந்ததால்.

பார்வை போனவன் வெளியே வந்து, கேபிள் போகும் வழியில் நட்டிருந்த கற்களை ஒவ்வொன்றாகத் தடவித் தடவி நடந்தான். பதினொரு கல் வந்திருந்தான். இரண்டாம் நாள்தான் கண்டுபிடித்தார்கள். வெயில் தன் வேலையை முடித்திருந்தது. விரல் நுனிகளில் தோல் இல்லை.

போன் பதிவை அழித்துவிட்டு, விசாரணையில் பசை, "அவன் எனக்குப் போனே பண்ணல," என்றார். மனைவியிடமும் அதையே சொன்னார். இன்று காலையும் அவள் சாப்பாட்டு டப்பாவை நீட்டிக்கொண்டே சொன்னாள்: "ஒரு வார்த்தை உங்ககிட்ட கேட்டிருந்தா இன்னிக்கு உயிரோட இருந்திருப்பான். நீங்களாவது கண்ணைப் பாத்துக்குங்க."

பத்து நாள் முன்பு திரையில் அந்த மேடு வந்தது.

கேபிளில் எங்கே கோளாறு என்று காட்டும் திரை அது. அவன் கிடந்த பதினோராவது கல்லில் ஒரு சின்ன மேடு. மறுநாள் அது முப்பது கிலோமீட்டர் இப்பால் இருந்தது. அதற்கு மறுநாள் இன்னும் முப்பது. கோளாறு நடந்து வந்து பசை பார்த்ததில்லை.

இரண்டாம் கொட்டகைக் காவல்காரர் போனில் சொன்னார்: "யாரோ சுவரைத் தடவுற மாதிரி இருக்கு சார். எலியாத்தான் இருக்கும்."

மூன்றாம் கொட்டகைக்காரர்: "சுவரெல்லாம் கை அடையாளம் சார். மூச்சு வாங்குறது கூட கேக்குது."

ஒவ்வொரு கொட்டகையைத் தாண்டும்போதும் மேடு உயர்ந்தது.

நான்காம் கொட்டகைக்காரர் சாவியைப் பஸ்ஸில் கொடுத்தனுப்பிவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார்.

இந்தப் பெருக்கியையும் தாண்டிவிட்டால் அடுத்தது பசையின் நாற்காலிதான். இழையைக் கழற்றிப் போட்டுவிட்டால் தீர்ந்தது என்று வந்தார். ஆனால் உள்ளுக்குள் ஒரு நப்பாசை. எல்லாம் நுனியில் ஒட்டிய தூசியாக இருந்தால்? தூசியும் திரையில் மேடு காட்டும். அந்தத் தூசியைக் கண்ணால் பார்த்துவிட்டால் இன்றிரவு தூங்கலாம்.

கொட்டகைக்குள் விசிறிகளின் இரைச்சல். சூடான பிளாஸ்டிக் வாடை. அதற்கு அடியில் வேறொன்று, வெயிலில் கிடந்த வாடை.

கட்டுப்பாட்டு அறையில் புதிதாகச் சேர்ந்த பெண் இருப்பாள். பசை போன் போட்டார்.

"அணைச்சாச்சாம்மா?"

இரைச்சலுக்குள்ளிருந்து, "ம்."

"நல்லாப் பாரு. அணைச்சாச்சா?"

"ம்."

"எழுந்து போய்ப் பாத்தியா?"

"ம்."

இழையைக் கழற்றினார். மைக்ராஸ்கோப்பைக் கண்ணில் வைத்தார். நுனி பளிங்குபோலச் சுத்தமாக இருந்தது. ஒரு தூசி இல்லை. நம்பிக்கை வராமல் கண்ணை மாற்றி, அடுத்த கண்ணாலும் பார்த்தார்.

வலிக்கவில்லை. அந்த வெளிச்சம் வலிக்காது.

போனில் நாற்காலி கிறீச்சென்றது.

அந்தப் பெண் உட்காருவது ஸ்டூலில்.

அந்தக் கிறீச்சு அவருக்குத் தெரியும். பதினெட்டு வருஷமாகத் தெரியும். அந்த "ம்" யாருடையது என்பதும் அப்போதுதான் உறைத்தது. பார்வையின் நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு. அது மெதுவாக, அவசரமே இல்லாமல், விரிந்தது.

கையை நீட்டிச் சுவரைத் தேடினார்.

சுவருக்குப் பதில் ஒரு கை கிடைத்தது. விரல் நுனிகளில் தோல் இல்லை.

"கல்லு கல்லா வந்துரலாம் அத்தான்," என்றது குரல், காதோரமாக. "நான் வழி சொல்றேன்."

அந்தப் பெண் டீ குடித்துவிட்டுத் திரும்பியபோது போன் வைத்தது வைத்தபடி இருந்தது. சிவப்பு விளக்கும் எரிந்தபடியேதான் இருந்தது. ஆனால் போன் பதிவில், பதினொன்று பத்துக்கு நான்காம் கொட்டகையிலிருந்து ஓர் அழைப்பு. எடுத்துப் பேசப்பட்டது. இரண்டு நிமிஷம்.

பசையைத் தேடிப் போனவர்கள் நான்காம் கொட்டகையிலிருந்து பதினோராவது கல்லருகில் கண்டுபிடித்தார்கள். அவர் விரல்களைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

திரையில் இப்போது இரண்டு மேடுகள். நடுவே ஒரு கை நீள இடைவெளி. தோளைப் பிடித்துக்கொண்டு போகிறவர்கள் விடுகிற இடைவெளி. கட்டுப்பாட்டு அறைச் சுவர் வரை வந்து நின்றுவிட்டன.

அந்தப் பெண் தினமும் போகுமுன் சில்லைத் தன் கையாலேயே அணைத்துவிட்டுப் போகிறாள். தினமும் காலை பதினொன்று பத்துக்குப் போன் அடிக்கிறது.

"அணைச்சாச்சா?"

அவள் எழுந்துபோய்ப் பார்க்கிறாள். நேற்று அணைத்த சிவப்பு எரிகிறது.

"இல்லை," என்கிறாள்.

எதிர்முனையில் நாற்காலி கிறீச்சென்கிறது. "பரவால்லம்மா. நாளைக்கும் கேக்குறோம்."