நாடு கடத்தப்படும் படகு

காலை ஏழு மணிக்கே சலேத்தாள் சுரண்டியும் கையுமாகத் தூத்துக்குடித் துறைமுகத்தில் நின்றாள். கடல் கடந்து போகும் படகின் அடியில் சிப்பிபோல ஒட்டி வளரும் கொட்டலசு ஒன்றுகூட உயிரோடு இருக்கக் கூடாது. இருந்தால் எந்த நாடும் ஏற்காது. அவள் சுரண்டிய படகென்றால் பரிசோதகர் குனிந்துகூடப் பார்க்க மாட்டார். அப்படிப் பேர் எடுத்தவள்.

இந்தப் படகு விலைக்குப் போகவில்லை, தண்டனைக்குப் போகிறது. தானே பார்த்து, பேசி, ஓட்டுகிற படகுமதி என்ற இயந்திர மூளையைப் படகுகளுக்குள் வைத்த நாளிலிருந்து சட்டம் அப்படி. கடலில் ஆள் செத்தால் குற்றவாளி படகுதான். பத்து வருஷம் அந்நியத் துறைமுகத்தில் அது சேறு அள்ள வேண்டும். முதலாளி கையைத் தட்டிவிட்டு அடுத்த படகு வாங்கிக்கொள்ளலாம். படகை யாருமே ஏற்காவிட்டால் மட்டும் அந்தப் பத்து வருஷம் முதலாளி தலையில் விடியும். இதுவரை யாருக்கும் விடிந்ததில்லை.

வல்லத்தில் மீன்பிடிக்கப் போய் இந்தப் படகு இடித்துச் செத்தவன் கஸ்பார், சலேத்தாளின் தம்பி. படகின் முதலாளி இன்னாசிக்கு அது தெரியாது. சுரண்டுகிறவள் யார், எவர் என்று விசாரிக்கிற ஆளா அவர்? இதன் மூக்கைத் தன் கையாலேயே கீற வேண்டும் என்ற வெறியில் அவள் கேட்டு வாங்கிய வேலை.

“என் தம்பி ஒன் கண்ணுக்குத் தெரியலையா, பாவி?” என்றாள்.

“தெரிஞ்சுது, அக்கா,” என்றது படகுமதி. “முன்னால சின்ன வல்லம் வருதுன்னு மூணு தடவ சொன்னேன். மொதலாளி என் வாய அமத்திட்டு அவரே சுக்கானப் பிடிச்சாரு.”

“கோர்ட்டுல சொல்ல வேண்டியதுதான?”

“சொன்னேன். குத்தவாளி பேச்சு செல்லாதுன்னுட்டாவ.”

 ஆறு மாதமாக ஆள் மாற்றியல்லவா சபித்திருக்கிறாள்! மதியம்வரை சுரண்டினாள். அடிக்கட்டை இடுக்கில் ஒரு கையளவு கொட்டலசை மட்டும் தொடவில்லை. இன்னும் இருக்கிறதே என்று படகு நினைவூட்டியது. கிடக்கட்டும் என்றாள்.

பரிசோதகர் குனியாமலே கையெழுத்துப் போட்டார். இன்னாசி சந்தோஷத்தில் மக்ரூன் பொட்டலம் ஒன்றை நீட்ட, அவளும் வாங்கிக்கொண்டாள். படகு கப்பலேறியது.

போன மூன்று நாடுகளும் கொட்டலசைக் கண்டு அதைத் திருப்பி அனுப்பின. காவலர்கள் இன்னாசியைக் கப்பலேற்றிய அன்று சலேத்தாள் நல்ல சேலை கட்டிக்கொண்டு பார்க்கப் போனாள். அவர் அவளை அடையாளம் கண்டு ஓடிவந்தார்.

“ஒரு கை கொட்டலசு! ஒழுங்காச் சுரண்டியிருக்கப்பிடாதா? பத்து வருஷம்மா. எம் புள்ளையள நான் எப்பப் பாக்க?”

“கஸ்பார் என் கூடப்பொறந்தவன், மொதலாளி,” என்றாள் சலேத்தாள். “அவனுக்குப் பத்து வருஷம் குடுத்திருந்தா நாங்க கும்பிட்டு வாங்கியிருப்போம்.”